நாடு வளர்ந்தது, நம் பங்கு எங்கே?



'கூட்டு வளப்பம்', 'நிலைத்த மேம்பாடு' என்ற இரண்டு சொற்களும் இன்று எல்லா மேடைகளிலும் ஒலிக்கின்றன. 2019 அக்டோபரில் அன்றைய அரசாங்கம் 'வாவாசான் கெமாக்மூரான் பெர்சாமா 2030' என்ற திட்டத்தை வெளியிட்டது. 2023 ஜூலையில் 'மடானி பொருளாதாரம்' வந்தது. 2025 ஜூலையில் 13ஆவது மலேசியத் திட்டம் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது. ஆட்சிகள் மாறின, பெயர்கள் மாறின. நாட்டின் செல்வம் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும் என்ற பேச்சு மட்டும் மாறவில்லை.

பேச்சை நாம் எதிர்க்கவில்லை. அதை நடைமுறையில் அளந்து பார்க்க வேண்டும் என்கிறோம். அளப்பதற்கு இரண்டு கேள்விகள் போதும். ஒரு நிலத்திலிருந்து வரும் செல்வம் கடைசியில் யார் கையில் தங்குகிறது? அந்த நிலத்தின் பயன்பாடு மாறும்போது யார் வெறுங்கையோடு வெளியே போகிறார்கள்?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல நம் சமுதாயத்தை விடத் தகுதியானவர்கள் இந்த நாட்டில் குறைவு. நாம் அந்தப் பதிலை வாழ்ந்து பார்த்தவர்கள்.

பெராங் பெசாரில் நடந்தது

புத்ராஜெயாவை எல்லாருக்கும் தெரியும். பிரதமர் அலுவலகம் 1999இல் அங்கே இடம் மாறியது. 2001 பிப்ரவரி 1ஆம் தேதி அது கூட்டரசுப் பிரதேசம் ஆனது. அகலமான சாலைகள், ஏரி, பாலங்கள், மசூதி, அமைச்சுகள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போய்ப் படம் எடுத்திருப்பீர்கள்.

அந்த நிலத்தின் பழைய பெயர் பெராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் காட்டை அழித்து அந்தத் தோட்டத்தைத் திறந்தார்கள். 'பெரிய போர்' என்று பொருள்படும் பெயரை அதனால்தான் வைத்தார்கள். அங்கே உருவான ரப்பர் ஒட்டு ரகங்கள் 'பி.பி.' என்ற எழுத்தோடு உலகம் முழுக்கப் போயின. பி.பி. 86 என்ற ரகம் இந்தியாவிலும் இலங்கையிலும் நடப்பட்டது. 'பி.பி.' என்றால் பெராங் பெசார். காட்டை வெட்டியதிலும், கன்று நட்டதிலும், விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, இருட்டோடு பால் வெட்டப் போனதிலும் நம் பாட்டன் பாட்டிகளின் கை இருந்தது.

புதிய தலைநகருக்காக நிலம் எடுக்கப்பட்டபோது பெராங் பெசார், செட்ஜ்லி, கேலவே, மெடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. அந்தக் கட்டடங்களில் விரிசல் விட்டது ஊரறிந்த செய்தி. மாற்று வீடு கேட்டு மனுக் கொடுப்பதும், வாக்குறுதி வாங்குவதும், மறுபடி மனுக் கொடுப்பதுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடின.

நாட்டின் தலைமை நிர்வாகமே உட்கார்ந்திருக்கும் மண்ணில் வேலை செய்தவர்களுக்கு இந்த நிலை. மற்ற தோட்டங்களின் கதையை நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டிலேயே யாராவது சொல்வார்கள்.

சட்டம் நம்மை எப்படிப் பார்த்தது?

'பரம்பரை பரம்பரையாக இருந்தோமே, நட்டஈடு கிடையாதா?' என்று கேட்காத தோட்டக் குடும்பமே இல்லை. பதிலைக் கசப்பாக இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி அரசாங்கம் நிலம் எடுத்தால், அந்த நிலத்தில் சட்டபூர்வமான உரிமை உள்ளவருக்கு நட்டஈடு உண்டு. தோட்டத்தில் கெரான் யார் பெயரில் இருக்கிறது? நிறுவனத்தின் பெயரில். லயத்து வீட்டில் மூன்று தலைமுறை இருந்தாலும் அது வேலையோடு ஒட்டிய வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. சட்டத்தின் கண்ணில் நாம் அந்த மண்ணில் அனுமதியோடு தங்கியிருந்தவர்கள், அவ்வளவுதான். நில உரிமையாளர் கொடுத்த வாக்கை நம்பித் தன் சொந்தக் காசில் வீடு கட்டியவரை வெறுங்கையோடு அனுப்ப முடியாது என்று சில வழக்குகளில் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் நிறுவனம் கட்டிக் கொடுத்த லயத்தில் இருந்தவருக்கு அந்த வாதம் எடுபடுவது கடினம்.

மிஞ்சியது வேலை நீக்க நட்டஈடு. 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 30 ஆண்டுகள் பால் வெட்டினார், நாள் கூலி 20 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 30ஐ 20ஆல் பெருக்கினால் 600 நாள். 600 நாளுக்கு 12,000 வெள்ளி. முப்பது ஆண்டு உழைப்புக்கு நிலம் மாறும் நாளில் கிடைப்பது இவ்வளவே. அதே நிலம் விவசாய நிலத்திலிருந்து வீடமைப்பு நிலமாக மாறும்போது ஏறும் மதிப்பில் அவருக்கு ஒரு காசும் இல்லை.

இதே டெங்கிலில், அதே காலத்தில் நடந்த இன்னொரு வழக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக 1995இல் கம்போங் புக்கிட் தம்போயில் இருந்த தெமுவான் பூர்வகுடி மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. வீட்டுக்கும் மரத்துக்கும் சிறு தொகை கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். அவர்கள் வழக்குப் போட்டார்கள். 'சகோங் தாசி' வழக்கு என்று அதற்குப் பெயர். 2002இல் உயர் நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த மக்களுக்கு நிலத்திலேயே உரிமை உண்டு, அதற்கான நட்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தன. கெரான் இல்லாதவர்கள் வென்றார்கள். தங்களுக்கும் அந்த மண்ணுக்கும் உள்ள உறவை நீதிமன்றம் ஏற்கும்படி செய்தார்கள்.

தோட்டத் தொழிலாளிக்கு அந்த வழி இல்லை. பூர்வகுடிகளின் பாரம்பரிய நில உரிமையை நாம் கோர முடியாது, கோரவும் கூடாது. அப்படியானால் நமக்கு எது வழி? பொருளாதாரத்தின் அமைப்பையே கேள்வி கேட்பதுதான்.

கூலி மட்டும் போதாது

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நாட்டில் ஏழைகள் எப்படி எழுந்தார்கள் என்பதற்குக் கண்முன்னே சான்று இருக்கிறது. 1956இல் பெல்டா தொடங்கப்பட்டது. நிலமற்ற கிராமத்துக் குடும்பங்களுக்குச் சுமார் 10 ஏக்கர் நிலமும் வீடும் கொடுத்து, கடனைத் தவணையில் கட்டச் சொன்னார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் இப்படிக் குடியேறின. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். அவர்கள் செய்த வேலையும் நாம் செய்த வேலையும் ஒன்றுதான். அதே ரப்பர், அதே செம்பனை. ஆனால் அவர்களுக்கு மரம் சொந்தம், நமக்குக் கூலி சொந்தம். இரண்டு தலைமுறைக்குள் வித்தியாசம் தெரிந்தது.

பெல்டா குடியேறிகளைப் பார்த்துப் பொறாமைப்பட இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கும் சிக்கல்கள் வந்தன. 2012இல் பெல்டாவின் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போன பிறகு ஏற்பட்ட நெருக்கடி அவர்களையும் சுட்டது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஏழைக்கு நிலம் கொடுத்தால் அவன் எழுவான் என்பது இந்த நாட்டிலேயே நிரூபிக்கப்பட்ட உண்மை. தனியார் தோட்டத்தில் இருந்த ஏழைக்கு மட்டும் அந்த உண்மையை யாரும் பயன்படுத்தவில்லை.

தோட்டங்கள் வெள்ளைக்காரன் கையில் இருந்ததால்தான் இப்படி என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். 1981 செப்டம்பர் 7ஆம் தேதி பி.என்.பி. நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தின் பங்குகளை ஒரே காலைப் பொழுதில் வாங்கிக் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. தோட்டங்கள் நாட்டின் கைக்கு வந்தன. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் லயத்தில் என்ன மாறியது? துரை மாறினார். பி.என்.பி.யின் பங்குத் திட்டம் வழியாகப் பூமிபுத்ரா குடும்பங்களுக்கு இலாபத்தில் பங்கு கிடைத்தது. அந்த மரத்தில் பால் எடுத்தவனுக்குக் கூலி மட்டுமே கிடைத்தது.

2007இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் மூன்றும் ஒன்றாகின. 2017இல் அதே குழுமம் தோட்டம், வீடமைப்பு என்று தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தது. தோட்டம் ஒரு கணக்கில், தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறுவது இன்னொரு கணக்கில். இரண்டு கணக்கிலும் பழைய தொழிலாளியின் பெயருக்கு ஒரு வரி கிடையாது.

பத்து வெள்ளியில் தொடங்கிய பாடம்

நாம் எப்போதும் கையேந்தி நின்ற சமுதாயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1950களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன.

அப்போது துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னார்: தோட்டத்தை மற்றவன் வாங்கினால் துண்டாடுவான், நாமே வாங்குவோம். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளி தவணை. அன்றைய தோட்டக் கூலியில் 10 வெள்ளி என்பது சாதாரணமல்ல. ஆனாலும் கொடுத்தார்கள். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தொடர்ந்து பல தோட்டங்கள்.

பால் வெட்டியவன் தோட்டத்துக்குப் பங்குதாரன் ஆனான். 'கூட்டு வளப்பம்' என்ற சொல்லை அறிக்கைகள் கண்டுபிடிப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நாம் அதைச் செய்தோம்.

அந்தச் சங்கம் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்றவில்லை, காப்பாற்றவும் முடியாது. கூட்டுறவுத் தோட்டத்திலும் அன்றாட வேலை கூலி வேலையாகத்தான் இருந்தது. ஆனால் நிலம் போகவில்லை. ஏன்? பணம் காகிதத்தில் தங்காமல் மண்ணில் போய் நின்றது. உறுப்பினருக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு இருந்தது.

இதற்கு நேர்மாறான பாடமும் நம்மிடம் உண்டு. 1982இல் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்ஸுக்கு, சுமார் 66,000 பேர் சுமார் 10 கோடியே 60 லட்சம் வெள்ளி கொடுத்தார்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்கள் உண்டு. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 2010இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு தருகிறோம் என்ற பேரத்தில் கதை முடிந்தது. முப்பது ஆண்டு விலைவாசி உயர்வைச் சேர்த்துப் பார்த்தால் அந்த 80 காசின் பெறுமானம் உங்களுக்கே தெரியும்.

இரண்டுக்கும் கொடுத்தவர்கள் ஒரே மக்கள். ஒன்றில் உறுப்பினர் கேள்வி கேட்கச் சட்டம் இடம் கொடுத்தது. இன்னொன்றில் மேலே இருந்தவர்கள் முடிவெடுத்தார்கள், கீழே இருந்தவர்கள் காத்திருந்தார்கள். இனி யாராவது 'சமுதாயத்தின் பெயரால்' பணம் கேட்டு வந்தால், இந்த வித்தியாசத்தை வைத்து அவரை அளந்து பாருங்கள்.

பசுமை என்றால் யாருக்கு?

இப்போது 'நிலைத்த மேம்பாடு' என்ற சொல்லுக்கு வருவோம். இது காட்டையும் புலியையும் பற்றிய விஷயம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிடாதீர்கள். சுற்றுச்சூழல் கெடும்போது முதலில் அடிபடுவது கூலித் தொழிலாளியின் உடம்பு.

தோட்டத்தில் மருந்தடித்த பெண்களை நினைத்துப் பாருங்கள். முதுகில் தொட்டி, கையில் தெளிப்பான், மூக்கை மூட ஒரு துணி. மூக்கில் இரத்தம் வரும், நகம் உதிரும், தோல் வெந்து போகும். பாராகுவாட் என்ற அந்த விஷத்தைப் பற்றி, மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையைப் பதிவு செய்து 2002இல் தெனாகானித்தா போன்ற அமைப்புகள் அறிக்கை வெளியிட்டன. அதே 2002இல் அரசாங்கம் அதைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006இல் தடை தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி 1இல்தான் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகள் யாருடைய நுரையீரலில் கழிந்தன? எந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்திலும் அந்தச் செலவு எழுதப்படவில்லை.

2004இல் செம்பனை எண்ணெய்க்கு அனைத்துலகச் சான்றிதழ் அமைப்பு தோன்றியது. 2020 முதல் எம்.எஸ்.பி.ஓ. எனும் மலேசியச் சான்றிதழ் கட்டாயமானது. காடழிப்பு, தீ, தொழிலாளர் நலன் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. நல்லதுதான். ஆனால் அந்த விதிகள் முக்கியமாக இன்று வேலையில் இருப்பவரைப் பார்க்கின்றன. நாற்பது ஆண்டு உழைத்துவிட்டு 60 வயதில் லயத்தைக் காலி செய்யச் சொல்லப்படும் அம்மாவுக்கு அந்தச் சான்றிதழ் கூரை தருவதில்லை.

சான்றிதழுக்கும் வெளிநாட்டுச் சந்தைக்கும் நிறுவனங்கள் பயப்படுகின்றன என்பதையும் பார்த்தோம். 2020இல் கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் அமெரிக்கா இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் தடை செய்தது. அவற்றில் ஒன்றான சைம் டார்பி, அந்நியத் தொழிலாளர்கள் ஏஜெண்டுகளுக்குக் கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2023இல் அதன் மீதான தடை நீங்கியது. பல ஆண்டுகள் கெஞ்சியும் நடக்காதது, எண்ணெய் விற்காது என்றதும் நடந்தது. இந்தப் பாடத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று நம் இடத்தில் இந்தோனேசியரும் வங்காளதேசியும் நேப்பாளியும் நிற்கிறார்கள். 'அவர்கள் வந்ததால்தான் நம் கூலி குறைந்தது' என்று கோபப்படுவோர் உண்டு. கூலியைக் குறைத்தவர் யார்? மலிவாக ஆள் கிடைக்கும்வரை கூலி உயராது என்று கணக்குப் போட்டவர்கள். நூறாண்டுக்கு முன் கங்காணி நம்மைக் கப்பலேற்றியதும் இதே கணக்கில்தான்.

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கிள்ளான் ஆற்றோரத் தாழ்நிலம். கூரை வரை தண்ணீர். உதவி வரத் தாமதமானபோது அக்கம்பக்கத்து மக்களே படகு தேடி ஓடினார்கள். அந்த வெள்ளங்களால் நாடு முழுக்க ஏற்பட்ட இழப்பு சுமார் 610 கோடி வெள்ளி என்று புள்ளியியல் துறை கணக்கிட்டது. மரம் இருந்த இடத்தில் சிமெண்டு வந்தால் மழைநீர் மண்ணுக்குள் இறங்காது, தாழ்ந்த இடம் தேடி ஓடும். தாழ்ந்த இடத்தில் வீடு மலிவு. மலிவான வீட்டில் இருப்பது நாம். மேட்டில் வீடு கட்டி விற்றவருக்கு இலாபம், பள்ளத்தில் இருப்பவருக்குத் தண்ணீர். இதுவும் பொருளாதாரம்தான்.

சம்பளமும் சேமிப்பும்

குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று தொடங்கியது. 2022இல் 1,500 ஆனது. 2025இல் 1,700 ஆனது. மாதச் சம்பளம் என்ற ஒன்றுக்காகவே பல பத்தாண்டுகள் போராடிய தோட்ட மக்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனாலும் வாடகை, கார்த் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, மாதக் கடைசியில் ஆலோங்கிடம் போகாமல் இருப்பது என்று எல்லாவற்றையும் அந்தச் சம்பளத்தில் அடக்கிக் காட்டட்டும் யாராவது.

பெருந்தொற்றுக் காலத்தில் ஊழியர் சேமநிதியிலிருந்து மக்கள் எடுத்தது மொத்தம் 14,500 கோடி வெள்ளி. அரசாங்கம் கொடுத்த பணமல்ல அது, நம் முதுமைக்கு நாமே வைத்த பணம். அன்றைக்குச் சோறு போட்டது, நாளைக்குச் சோறு இல்லாமல் செய்தது.

மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் நம் இளைஞர்களைப் பாருங்கள். கம்பெனி அவர்களைத் 'தொழிலாளி' என்று சொல்வதில்லை. சேமநிதி இல்லை, விடுப்பு இல்லை. 2025இல் நாடாளுமன்றம் கிக் தொழிலாளர்களுக்கான சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தொடக்கம் நல்லது. ஆனால் லயத்துத் தொழிலாளியின் பேரன் கைப்பேசியில் பிரட்டுக்கு நிற்கும் காலம் இது. வேலை முடிந்தால் எல்லாம் முடிந்தது என்ற பழைய ஏற்பாடு புதுச் சட்டையில் வந்திருக்கிறது.

நாம் எதைக் கேட்க வேண்டும்?

'தொட்டதற்கெல்லாம் அரசாங்கத்தைக் கேட்பதா?' என்பார்கள். கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம்.

முதலாவது, நிலம் மாறும்போது வீடு. தேசிய நிலச் சட்டத்தின் 124ஆவது பிரிவின்படி விவசாய நிலத்தை வீடமைப்பு நிலமாக மாற்ற மாநில அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அனுமதியோடு நிபந்தனை போடும் அதிகாரமும் மாநிலத்துக்கு உண்டு. நிலத்தின் மதிப்பு ஏறுவது நிறுவனத்தின் உழைப்பால் அல்ல, அந்த ஒரு கையெழுத்தால். ஆகவே அங்கே வேலை செய்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதே நிலத்தில் சொந்தப் பெயரில் வீடு என்பது அந்தக் கையெழுத்தின் விலையாக இருக்கட்டும். 'நிறுவனத்தின் சொத்தைப் பறிப்பதா?' என்று கேட்பவருக்கு இதுவே பதில். எதையும் பறிக்கவில்லை. மக்கள் அரசாங்கம் கொடுக்கும் சலுகைக்கு மக்கள் விலை கேட்கிறார்கள்.

இரண்டாவது, தமிழ்ப்பள்ளியும் கோயிலும் நிற்கும் நிலம். தோட்டம் விற்கப்படும் முன்னரே அந்த நிலத்தைப் பிரித்துப் பதிவு செய்ய வேண்டும். விற்ற பிறகு கெஞ்சும் நிலை இனி வேண்டாம்.

மூன்றாவது, நம் சேமநிதி. மாதாமாதம் நம் சம்பளத்தில் 11 விழுக்காடு போகிறது. அந்தப் பணம் பெரிய தோட்ட நிறுவனங்களில் பங்காக இருக்கிறது. முதலாளிக்கு நாமும் ஒரு முதலாளி! முன்னாள் தொழிலாளரின் வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்காத நிறுவனத்தைப் பங்குதாரராக இருந்து ஏன் கேள்வி கேட்கவில்லை என்று சேமநிதி வாரியத்தைக் கேட்க ஒவ்வோர் உறுப்பினருக்கும் உரிமை உண்டு.

நான்காவது, தேவை அடிப்படையில் உதவி. அரசியலமைப்பின் 153ஆவது விதி மலாய்க்காரர், சபா சரவாக் பூர்வகுடிகளின் சிறப்பு நிலையைப் பேசும் அதே வாக்கியத்தில் 'பிற சமூகங்களின் நியாயமான நலன்கள்' பற்றியும் பேசுகிறது. முதல் பாதியை எல்லாரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். இரண்டாவது பாதியை நாம் நினைவூட்டுவோம். இந்திய சமுதாய மேம்பாட்டுக்கு ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி என்று மித்ரா வழியாக ஒதுக்குவது உதவிதான். ஆனால் தையல் வகுப்பும் ஒருநாள் பயிலரங்கும் ஒரு சமுதாயத்துக்குச் சொத்து ஆகாது. அந்தப் பணத்தில் எவ்வளவு வீடாக, நிலமாக, கூட்டுறவுப் பங்காக நின்றது என்று கேளுங்கள்.

இவற்றில் எதுவும் இனவாதக் கோரிக்கை அல்ல. நாளைக்கு இதே விதி நகர முன்னோடிகளாகக் கம்போங்கில் இருக்கும் மலாய்க் குடும்பத்துக்கும் பயன்படும். புதுக்கிராமத்துச் சீனருக்கும் பயன்படும்.

நீங்கள் இந்த மாதமே செய்யக்கூடியவை

காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். பழைய சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, தோட்ட நிர்வாகம் கொடுத்த கடிதம், மின்கட்டண ரசீது, பழைய புகைப்படம் எதையும் எறியாதீர்கள். வாய்ப்பேச்சாகக் கொடுத்த வாக்குறுதியை எழுத்தில் கேளுங்கள். கூட்டத்தில் பேசியதைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். வழக்கு என்று வரும்போது கண்ணீரை விடக் காகிதம் அதிகம் பேசும்.

வெளியேற்ற நோட்டீஸ் வந்தால் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். நிறுவனம் வீடு வீடாக வந்து பேசும். பக்கத்து வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார் என்று சொல்லும். முதலில் அவரிடம் போய்க் கேளுங்கள். குடியிருப்பாளர் சங்கம் இல்லையென்றால் அமையுங்கள்.

உங்கள் மாவட்டத்தின் உள்ளூர்த் திட்ட வரைவைப் போய்ப் பாருங்கள். எந்த நிலம் வீடமைப்புக்கு, எது தொழிற்சாலைக்கு, எது வெள்ளநீர் தேங்கும் குளத்துக்கு என்று அதில்தான் இருக்கும். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி அந்த வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். புல்டோசர் வந்த பிறகு போடும் ஆர்ப்பாட்டத்தை விட, வரைபடம் வந்தபோதே எழுதும் ஒரு கடிதம் மலிவு.

நீங்களோ உங்கள் பெற்றோரோ ஏதாவது கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் ஆண்டுக்கூட்டத்துக்குப் போங்கள். சாப்பாட்டுக்கும் அன்பளிப்புப் பைக்கும் மட்டும் போகாமல், கணக்கைப் படித்துக் கேள்வி கேளுங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். தாத்தாவின் பங்கை யார் பெயருக்கு மாற்றியிருக்கிறது என்று பாருங்கள். எத்தனையோ குடும்பங்களில் அந்தப் பங்குச் சான்றிதழ் அலமாரியில் சும்மா கிடக்கிறது.

1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். படிப்பறிவில்லாத கூலிகள் என்று சொல்லப்பட்டவர்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

நாமும் அதைத் தெளிவாகக் கேட்போம். மரம் நட்டவருக்கு நிழலில் ஓரிடம், நிலம் மாறும் நாளில் கெரானில் ஒரு பெயர். 13ஆவது மலேசியத் திட்டம் 2030 வரை போகிறது. உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினரும் அடுத்த முறை உங்கள் தாமானுக்கு வரும்போது, 124ஆவது பிரிவைப் பற்றி என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வரட்டும்.